கரண்ட் போனால் தெருவை எட்டிப் பார்க்கிறோம், நெட் போனால் ஏன் பார்ப்பதில்லை?



நீளமான பதிவு. ஒரு லைக், ஒரு கைகூப்பு என்று போட்டுவிட்டுப் போகாமல் முழுவதும் வாசியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

ராத்திரி கரண்ட் போனால் நம் வீடுகளில் முதலில் என்ன செய்வோம்? வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்ப்போம். எதிர்வீட்டிலும் இருட்டு என்றால் ஊருக்கே போயிருக்கிறது, விசிறியை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்காருவோம். எதிர்வீட்டில் வெளிச்சம் இருந்தால் நம் ஃபியூஸைப் பார்ப்போம். ஒரு அறையில் மட்டும் இல்லை என்றால் அந்த அறை சுவிட்சைப் பார்ப்போம். இதற்கு யாரும் மின்வாரியத்தில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

அதே வீட்டில் நெட் போனால்? "நெட்டு போச்சு." அவ்வளவுதான். எங்கே போச்சு, யாருக்குப் போச்சு, எப்போதிலிருந்து என்று ஒருவரும் பார்ப்பதில்லை. உடனே ஃபோனை எடுத்துச் சென்னையில், பெங்களூரில், துபாயில் இருக்கும் மகனைக் கூப்பிடுவது. மகன் அங்கிருந்து, "அம்மா, பெட்டிய ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்பான். சரியானால் சரி. ஆகாவிட்டால் மறுநாள் பெரிய பிளானுக்குப் பணம் கட்டுவான். இதற்குப் பேர் தீர்வா மக்கா? காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமலே மருந்தைக் கூட்டிக்கொண்டு போவதுதான் இது.

நம் ஊரில் இன்னொரு சாக்கும் உண்டு. காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஆனி, ஆடியில் கொடியில் போட்ட துணி பக்கத்து வயலில்தான் கிடைக்கும். அதை வைத்து, "மைனி, காத்து சிக்னல அடிச்சிட்டுப் போயிருக்கும்" என்று ஒருத்தி சொல்கிறாள். "முப்பந்தல் காத்தாடிதான் சிக்னல வெட்டுகு" என்று இன்னொருவர். இவர்களில் இரண்டு பேர் பட்டதாரிகள்.

ரேடியோ அலை காற்றில் மிதந்து வருவதில்லை. காற்றே இல்லாத வெற்றிடத்திலும் அது போகும். நிலாவில் இறங்கியவர்கள் பூமியோடு பேசியது அப்படித்தான். ராட்சதக் காற்றாலைகளின் சுழலும் இறக்கைகள் தொலைக்காட்சி அலைகளையும் ராடாரையும் குழப்பக்கூடும் என்பது உண்மை. ஆனால் உங்கள் முன்னறையில் இருக்கும் பெட்டிக்கும் படுக்கையறையில் இருக்கும் மடிக்கணினிக்கும் நடுவே முப்பந்தல் காற்றாலை வந்து நிற்கவில்லை. காற்று செய்யும் கெடுதல் வேறு. தென்னை மட்டை உரசி ஃபைபர் கேபிள் இழுபடும், மின்னழுத்தம் ஏறி இறங்கிப் பெட்டி அணைந்து எழும்பும். அப்படி ஆனால் பெட்டியிலேயே சிவப்பு விளக்கு எரியும், அல்லது எல்லா விளக்கும் செத்துக் கிடக்கும். அதைப் பார்த்தீர்களா என்றுதான் நான் கேட்கிறேன்.

இணையம் உங்களிடம் வருவதற்கு மூன்று பகுதி உண்டு. தெருவிலிருந்து பெட்டி வரை கேபிள். பெட்டியிலிருந்து உங்கள் கருவி வரை அலை. கருவிக்குள்ளே அந்த அலையைப் பிடிக்கும் வைஃபை அடாப்டர். முதல் பகுதி கம்பெனிக்காரன் பொறுப்பு. மற்ற இரண்டும் நம் வீட்டுக்குள். கேபிள் கெட்டால் மட்டும் கூப்பிட வேண்டிய ஆளை மூன்றுக்கும் கூப்பிடுகிறோம். வருகிறவர் தன் பகுதியைப் பார்த்து, "லைன் ஓகே" என்று சொல்லிப் போய்விடுகிறார். அவர் சொன்னதும் உண்மை, நம் கஷ்டமும் உண்மை. நடுவில் பிள்ளை உட்கார்ந்து அழுகிறது.

அழுத பிள்ளை ஒன்றைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், நம் சொந்தத்தில்தான். அரசுத் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மடிக்கணினியில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பு அறுந்தது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் பிளானை மூன்று மடங்காகக் கூட்டினான். அறுவது நிற்கவில்லை. ஒரு கடையில் கொண்டு கொடுத்தார்கள். "வைஃபை கார்டு போச்சு" என்று இரண்டு நாள் வைத்திருந்து, எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டு, 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். அவள் வைத்திருந்த சான்றிதழ் நகல்களும் போயின. மறுபடியும் அறுந்தது. கடைசித் தேதி முடிந்தது. ஒரு வருடம் போச்சு.

பிறகுதான் என்னிடம் வந்தது அந்தக் கணினி. நான் பொறியாளர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துச் சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள். நான் செய்தது இவ்வளவுதான். அதே மேசையில் என் ஃபோனை அதே வைஃபையில் போட்டு வைத்தேன். பெட்டியில் பச்சை விளக்கு. ஃபோன் அறவில்லை, கணினி அறுந்தது. அப்படியானால் கேபிளும் இல்லை, அலையும் இல்லை, அடாப்டர். டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தக் கருவியைக் கணினியே அணைத்துக்கொள்ளலாம் என்ற வரிக்கு முன் ஒரு டிக். அதை எடுத்தேன். அதன்பின் அறவில்லை. ஒரு டிக் மக்கா. அதற்காக ஒரு பிள்ளையின் ஒரு வருடம்.

எல்லாக் கோளாறும் இந்த ஒரு டிக்கில் சரியாகும் என்று நான் சொல்லவில்லை. யாரும் பார்க்கவில்லை என்பதுதான் என் சண்டை. அடாப்டர் வாயில்லாப் பூச்சி இல்லை. கேட்டால் எல்லாம் சொல்லும்.

எப்படிக் கேட்பது? விண்டோஸில் சிஎம்டி என்ற கறுப்புப் பலகத்தைத் திறந்து, நெட்ஷ், டபிள்யூலேன், ஷோ, இன்டர்ஃபேஸஸ் என்ற நான்கு சொற்களையும் இடைவெளி விட்டு ஆங்கிலத்தில் தட்டுங்கள். புது விண்டோஸ் 11 என்றால் இருப்பிட அனுமதி கேட்கும், கொடுங்கள். எந்த வைஃபையில் இருக்கிறீர்கள், எந்த சேனல், அலையின் பலம் எவ்வளவு, என்ன வேகத்தில் வாங்குகிறது, என்ன வேகத்தில் அனுப்புகிறது, எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். கடைசிச் சொல்லை எடுத்துவிட்டு டபிள்யூலேன்ரிப்போர்ட் என்று சேர்த்துத் தட்டினால் (அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்திருக்க வேண்டும்) கடந்த மூன்று நாளில் எப்போதெல்லாம் இணைந்தது, எப்போதெல்லாம் அறுந்தது என்று படம் போட்டு அறிக்கையே தரும். ஆப்பிள் கணினி வைத்திருக்கும் அமெரிக்க மருமகன்மார், ஆப்ஷன் பொத்தானை அழுத்திக்கொண்டு வைஃபை படத்தைத் தொட்டால் போதும். இதெல்லாம் காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் இல்லை. நீங்கள் வாங்கிய கணினிக்குள்ளேயே இருப்பது.

வரும் எண்ணை வாசிக்கத் தெரிய வேண்டும். இங்கேதான் நல்ல படிப்பாளிகளும் வழுக்கி விழுகிறார்கள். சிக்னல் 50 சதவீதம் என்றால் பாதி பலம் என்று நினைக்கிறீர்கள். இல்லை. அலையின் பலத்தை டி.பி.எம். என்ற அளவில் அளப்பார்கள். அதில் 10 குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிவிடும். 20 குறைந்தால் நூறில் ஒன்று. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 100 சதவீதம் என்பது மைனஸ் 50, பூஜ்யம் என்பது மைனஸ் 100. அப்படியானால் 50 சதவீதம் என்பது மைனஸ் 75. அதாவது 25 குறைவு. பலம் பாதியில்லை, ஏறத்தாழ 300-இல் ஒரு பங்கு! வீடியோ அழைப்பு தடையில்லாமல் ஓட மைனஸ் 67 அளவாவது வேண்டும் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்வது. சதவீதத்தில் 65-க்கு மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பழைய வீடுகளின் கருங்கல் சுவர், பீரோ, தண்ணீர்த் தொட்டி, எல்லாம் அலையைத் தின்னும். பெட்டியைக் கொண்டுபோய் டிவிக்குப் பின்னால் மூலையில் ஒளித்து வைத்துவிட்டு, சிக்னல் இல்லை என்றால் எப்படி?

அடுத்தது வேகம். நம் தோவாளை சானலில் கரை முட்டத் தண்ணீர் போனாலும், உன் வயல் மடை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான் உள்ளே வரும். அடாப்டர்தான் மடை. கடையில் விற்கும் நகத்தளவு யு.எஸ்.பி. அடாப்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிப்பவை. அட்டையில் 150 என்று போட்டிருக்கும். வழக்கமான 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் அது எட்டக்கூடிய உச்சமே 72 மெகாபிட்தான். அதிலும் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி. இந்த மடையை வைத்துக்கொண்டு 300 மெகாபிட் பிளானுக்கு மாதாமாதம் பணம் கட்டும் வீடுகள் நம் தெருவிலேயே உண்டு. பணம் அனுப்பும் பிள்ளைகள் கவனிக்க. நீங்கள் அம்மாவுக்கு வேகம் வாங்கிக் கொடுக்கவில்லை, கம்பெனிக்கு நன்கொடை கொடுக்கிறீர்கள்.

அந்தக் குட்டி அடாப்டரை நீல நிற யு.எஸ்.பி. 3 துளைக்குப் பக்கத்தில் செருகினால் அந்தத் துளையிலிருந்து கிளம்பும் இரைச்சலே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கெடுக்கும். இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. ஒரு முழம் நீட்டிப்பு ஒயரில் மாட்டித் தள்ளி வைத்தால் தீர்ந்தது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இது அண்டை வீட்டாருக்கும் சேர்த்து. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை நம் நாட்டில் 2005-இல் உரிமம் வாங்காமலே எல்லாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். அது ஊர்க்குளம் மாதிரி. குளிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு, அதற்காக ஒருவர் குளம் முழுக்க எருமையை இறக்கக் கூடாது. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். உங்கள் பெட்டியை 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வைத்தால் வேகம் கூடும் என்று யூடியூபில் ஒருத்தர் சொல்வார். கூடாது. நெருக்கமான தெருவில் அது பக்கத்து வீட்டையும் கெடுத்து உங்களையும் கெடுக்கும். 20-இல் வையுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இருந்தால் பெட்டி இருக்கும் அறையில் அதைப் பயன்படுத்துங்கள். அங்கே இடம் தாராளம், ஆனால் சுவரைத் தாண்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். பல அடாப்டர்களில் எந்த அலைவரிசைக்கு முன்னுரிமை என்று நாமே சொல்லலாம்.

பாதுகாப்பும் இதில்தான் வருகிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் மின்னஞ்சல் போனது. அது எங்கிருந்து போனது என்று தேடினால் நவி மும்பையில் வாடகைக்கு இருந்த ஒரு அமெரிக்கர் வீட்டு வைஃபை. யாரோ அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். போலீஸ் வந்தது அவர் வீட்டுக்கு. பெட்டிக்கு டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 பூட்டுப் போட்டு, "12345678" தவிர வேறு கடவுச்சொல் வையுங்கள். கணினியிலும் ஃபோனிலும் ரயில் நிலையம், கடை, கல்யாண மண்டபம் என்று எப்போதோ இணைந்த பழைய வைஃபைகளை அழித்துவிடுங்கள். அதே பெயரில் எவன் வலை விரித்தாலும் உங்கள் அடாப்டர் பழகிய நாய் மாதிரி வாலாட்டிக்கொண்டு போய்விடும்.

இனி என் பெரிய கோபத்துக்கு வருகிறேன். இதைப் பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லிக்கொடுப்பதில்லை?

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. ஏழை வீட்டுக்குள் முதல் கணினி நுழைந்தது அப்படித்தான். அதைக் கேலி பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். சி-டாக் என்ற நம் நாட்டு அரசு நிறுவனம் உருவாக்கியது. திறந்து பார்க்கலாம், கழற்றி மாட்டலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அடாப்டர் என்ன செய்கிறது என்று ஒவ்வொரு வரியாகக் காட்டக்கூடியது. நான் போன வீடுகளில் அந்தப் பக்கத்தைத் திறந்த ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளைகள் குற்றமில்லை. கொடுத்தவர்கள் கணினியைக் கொடுத்தார்கள், அதை விசாரிக்கும் பழக்கத்தைக் கொடுக்கவில்லை.

நம்முடைய மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. களியக்காவிளை தாண்டினால் கேரளம். அங்கே 2018-இல் "லிட்டில் கைட்ஸ்" என்று அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் மாணவர் மன்றம் தொடங்கினார்கள். எட்டாம் வகுப்பில் தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அனிமேஷன், நிரல் எழுதுவதோடு வன்பொருள், இணையப் பாதுகாப்பு எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். பள்ளியின் கணினிகளைப் பராமரிக்கவும் அந்தப் பிள்ளைகள் கைகொடுக்கிறார்கள். பள்ளிகளில் ஓடுவதும் திறந்த மென்பொருள்தான். ஒன்றரை மணி நேர பஸ் பயணத் தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிவது நம் பிள்ளைக்குத் தெரியக் கூடாதா? நம் பள்ளிகளிலும் ஹைடெக் லேப் வந்திருக்கிறது. அதில் எதையாவது தொட்டால் கெட்டுவிடும் என்று பூட்டி வைக்கும் பழக்கம் முதலில் போக வேண்டும். அறிவியல் பாடத்தில் வெப்பமானி வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். அடாப்டரின் எண்ணை வாசிக்க ஒரு பீரியட் போதும்.

இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். பலமுறை கேட்டாயிற்று.

"டீச்சர், இப்ப எல்லாம் ஆட்டோமேட்டிக்." அந்தப் பெண்ணின் கணினியில் அந்த டிக்கும் ஆட்டோமேட்டிக்காக வந்ததுதான்.

"நெட்வொர்க் ரீசெட் குடுத்தா சரியாயிரும்." சில நேரம் ஆகும். எது கெட்டிருந்தது என்று தெரியாமலே ஆகும். கடவுச்சொற்களும் போகும். மூன்று நாள் கழித்துத் திரும்ப வந்தால் மறுபடியும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவாய்.

"ஃபோன்ல 5ஜி இருக்கே, வைஃபை எதுக்கு?" அந்த ஃபோனிலிருந்து கணினிக்கு ஹாட்ஸ்பாட் போடுகிறாயே, அது எதன் வழியாகப் போகிறது? அதே அடாப்டர்.

"எல்லாரும் எல்லாம் கத்துக்கணுமா அத்தை? இதுக்குன்னு ஆள் இருக்காங்களே." இருக்கட்டும். அவர்கள் பிழைப்பைக் கெடுக்க நான் வரவில்லை. நேர்மையான மெக்கானிக்குக்கு, "பெட்டியில் பச்சை எரிகிறது, ஃபோனில் வருகிறது, கணினியில் மட்டும் அறுகிறது, சிக்னல் 80" என்று சொல்லும் வாடிக்கையாளர் கிடைத்தால் அவருக்கே நல்லது. அப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம், "கார்டு போச்சு" என்று கதை விட எவரும் யோசிப்பார்கள். நான் யாரையும் ரிப்பேர் பண்ணச் சொல்லவில்லை. தெருவை எட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.

கடைசியாக, மென்பொருள் கம்பெனிகளில் பெரிய வேலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்கு வரும்போது அம்மாவின் கணினியைப் பிடுங்கி இரண்டு நிமிடத்தில் என்னவோ தட்டிச் சரிசெய்துவிட்டு, "உனக்கு இதெல்லாம் புரியாதும்மா" என்று சொல்லாதீர்கள். அவர்கள்தான் உங்களுக்கு மணி பார்க்கவும் ரூபாய் எண்ணவும் சொல்லித்தந்தவர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் சொல்லிக்கொடுங்கள். எல்லாம் நன்றாக இருக்கும் நாளில் வரும் எண்களை, எந்த விளக்கு என்ன நிறம் என்பதையும் சேர்த்து, ஒரு தாளில் தமிழில் எழுதிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். நன்றாக இருக்கும்போது எண் என்ன என்று தெரிந்தால்தான் கெட்டுப்போகும்போது எது மாறியது என்று தெரியும்.

பழைய பழக்கம் போகாது, வீட்டுப்பாடம் தருகிறேன். இன்று ராத்திரி உங்கள் வீட்டில் மூன்று இடத்தில், பெட்டிக்குப் பக்கத்தில், படுக்கையறையில், அடுக்களையில், சிக்னல் எவ்வளவு, வேகம் எவ்வளவு, எந்த சேனல் என்று குறித்துக் கீழே கமென்டில் எழுதுங்கள். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் அது ஓடும்போது ஒரு தடவையும் நின்றபின் ஒரு தடவையும் வேகத்தைப் பாருங்கள். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் வேலை செய்கிறது. மூன்று இடமும் எழுதாதவர்கள் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும். துபாயில் இருந்தாலும் சரி.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
ஆரல்வாய்மொழி